பூதம் சும்மா நிற்க வேண்டும்

"விசேஷமா, துக்கமா?" என்று கேட்டார் நாற்காலிக்காரர். அதற்குள் இருபது நாற்காலிகளை வாசலில் இறக்கியிருந்தார்.

"துக்கம்," என்றான் சின்னவன்.

"அடடா, மொதல்லயே சொல்லக்கூடாதா தம்பி? இது செவப்பு. வெள்ளை அடியில கெடக்கு," என்று இறக்கியதையெல்லாம் மறுபடி வண்டியில் ஏற்றத் தொடங்கினார். சின்னவனும் ஒரு பக்கம் பிடித்தான். சிவப்பை ஏற்றி வெள்ளையை இறக்கும் இந்த வேலை நேற்று மதியத்திலிருந்து அவனுக்குக் கிடைத்தவற்றிலேயே நல்ல வேலையாக இருந்தது. கைக்கு ஏதோ இருந்தது. முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கா வாசலுக்கு வந்தாள். "அம்மா கூப்பிடறாங்க."

"நாற்காலி வந்துட்டிருக்கு."

"நாற்காலி எங்கயும் ஓடிடாது. போடா."

முன்னறையில் சாப்பாட்டு மேஜையைச் சுவரோரம் ஒதுக்கிவிட்டு, அந்த இடத்தில் கண்ணாடிப் பெட்டியை வைத்திருந்தார்கள். உள்ளே அப்பா. பெட்டியின் கீழிருந்த குளிர் இயந்திரம் பழைய பிரிட்ஜ் போல முனகிக்கொண்டிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா கண்ணாடியின் மேல் கையை வைத்திருந்தாள். சில்லிட்டதும் எடுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி வைத்தாள்.

எதிரே, யாரும் சொல்லாமலேயே ஒரு நாற்காலியைப் பிடித்து அமர்ந்திருந்தார் எதிர்சீட்டு. அவருக்கு அந்தப் பெயர் வைத்தது அப்பாதான். இருவருக்கும் ஒரு சட்ட அச்சகத்தில் வேலை, ஒரே அறை, ஒரே மேஜை. பத்திரத்தின் மூலப் பிரதியை அப்பா உரக்கப் படிப்பார். அச்சான தாளை வைத்துக்கொண்டு எதிர்சீட்டு சரிபார்ப்பார். ஒரு புள்ளி விட்டுப்போனால் ஒருவருடைய வீடு இன்னொருவருக்குப் போய்விடும் என்பதால் அப்பா எல்லாவற்றையும் படிப்பார். கமா, புள்ளி, அடைப்பு திற, அடைப்பு மூடு. இருபத்தாறு வருடம். நேற்றுப் பகல் பன்னிரண்டேகாலுக்கு ஒரு நிலப் பத்திரத்தின் நடுவில் "புள்ளி" என்று சொல்லி நிறுத்தினார். எதிர்சீட்டு தாளிலிருந்து கண்ணை எடுக்காமல் அடுத்த வரிக்காகக் காத்திருந்தார்.

"பத்தி மாறுதுன்னு நெனச்சேன்மா," என்று அவர் இப்போது அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். காலையிலிருந்து வந்தவர்கள் எல்லாரிடமும் இதையே சொன்னார். "பத்தி மாறும்போது கொஞ்சம் நிறுத்துவாரு. அதான்னு நெனச்சேன்."

அம்மா தலையாட்டிவிட்டுச் சின்னவனைப் பார்த்தாள். "உன் விளையாட்டுல அப்பா பேசறாருல்ல? அந்த பூதம்."

"ம்."

"அதப் போடு. ஒரு தடவ குரலக் கேக்கணும். மூணு மணிக்கு வண்டி வந்துடும்."

சின்னவன் வாசல் பக்கம் பார்த்தான்.

"வேற எதுலயும் இல்லடா," என்றாள் பின்னாலேயே வந்த அக்கா. "காலையிலேருந்து தேடிட்டேன். எல்லா வீடியோவுலயும் அவரே கேமராவப் பிடிச்சிட்டு நிக்கறாரு. என் கல்யாண வீடியோவுல பதினோரு செகண்ட் வாய் அசையுது, மேல பாட்டப் போட்டுட்டாங்க. போன்லயும் ஒரு வாய்ஸ் மெசேஜ் கெடையாது."

அது சரிதான். அப்பா எல்லாவற்றையும் தட்டச்சுதான் செய்வார். 'வருகிறேன்.' 'பேருந்து தாமதம்.' 'பால் வாங்கவா?' ஒவ்வொன்றுக்கும் அதனதன் குறி.

"போன் சார்ஜ்ல இருக்கு, எடுத்துட்டு வரேன்," என்று சின்னவன் சமையலறைக்குப் போனான். போன் அவன் சட்டைப்பையில்தான் இருந்தது.

*

கண்ணாடிக் கடை மாடியில் ஒரே அறையில் நான்கு பேர் சேர்ந்து செய்துகொண்டிருந்த விளையாட்டு அது. ஆடுபவர் ஒரு மந்திர அரசர். திரையில் விரலால் வட்டம் போட்டால் தரை பிளந்து படைகள் எழும்பும்: நெருப்பு நரி, நீர்க்குதிரை, கல்பூதம். எங்கே போக வேண்டும், யாரை அடிக்க வேண்டும் என்று தொட்டுக் காட்டினால் போகும். போகும்போது ஒரு வார்த்தை சொல்லும். அந்த வார்த்தைகளைச் சேர்ப்பது சின்னவனின் வேலை.

போன வருடம் நடிகரை வைத்துப் பேசவைக்க வழியில்லை. "தற்காலிகமா யாரையாச்சும் பேச வச்சிடு, அப்புறம் மாத்திக்கலாம்," என்றான் அவர்களில் மூத்தவனான தாடி. சின்னவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை இந்தச் சாப்பாட்டு மேஜையில் உட்காரவைத்து, அம்மாவிடம் சொல்லி மின்விசிறியை அணைக்கவைத்து, எதிரொலி வராமலிருக்கத் தலையோடு கம்பளியைப் போர்த்தி, இரண்டு தாள்களைக் கையில் கொடுத்தான்.

கம்பளிக்குள்ளிருந்து கல்பூதம் பேசியது: "யார் என்னை அழைத்தது கேள்விக்குறி."

"அப்பா, குறியெல்லாம் படிக்க வேணாம்."

"அழித்துவிடுகிறேன் அரசே ஆச்சரியக்குறி. அடைப்பு திற கோபமாக அடைப்பு மூடு."

"அப்பா!"

கம்பளி விலகியது. வியர்வையோடு முகம் வெளியே வந்தது. "படிக்காம விட்டா, அது அங்க இருக்குன்னு அவனுக்கு எப்படிடா தெரியும்?"

"எவனுக்கு?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "எதிர்ல இருக்கறவனுக்கு," என்று சொல்லிவிட்டுக் கம்பளிக்குள் போய்விட்டார்.

ஆறு மாதம் அப்படியே ஓடியது. மலையளவு பூதம் எதிரியின் கோட்டையை மிதித்துக்கொண்டே "ஆச்சரியக்குறி" என்று சொல்லும். கண்ணாடிக் கடை மாடியில் நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அப்பா அச்சகத்தில் ஒருவர் விடாமல் சொல்லிவைத்திருந்தார், நான்தான் பூதம் என்று. பிறகு ஒரு வெளியீட்டாளர் கிடைத்தார். நடிகரும் கிடைத்தார். கிணற்றடியிலிருந்து வருவது போன்ற குரல், நாற்பது நிமிடத்தில் வேலையை முடித்துவிட்டுப் போனார். அப்பாவின் பதிவுகளைச் சின்னவன் தன் கையாலேயே அழித்தான். குறிப்பில் 'இடம் அடைக்கிறது' என்று எழுதினான். வெளியீட்டாளரின் ஆட்கள் கேட்டுவிட்டுச் சிரிப்பார்களோ என்பதை எழுதவில்லை.

அப்பாவிடம் சொல்லவில்லை. ஒவ்வொரு ஞாயிறும் "எப்படா வெளிய வருது?" என்று அப்பா கேட்பார். "வரும்" என்பான். நான்கு மாதமாக அவர் கேட்பதை நிறுத்தியிருந்தார். மறந்துவிட்டார் என்று சின்னவன் நினைத்தான். நிம்மதியாக இருந்தது.

சமையலறையில் நின்று தாடிக்குப் போன் செய்தான்.

"பழைய பூதம் எங்கயாச்சும் இருக்கா?"

"டேய்... போன மாசந்தானே பேக்கப்புலேருந்தும் பழசெல்லாம் தொடச்சோம். லிஸ்ட் போட்டதே நீதான்."

"ஆமா."

"சாப்பிட்டியா?"

"இல்ல."

"ஏதாச்சும் சாப்பிடு. நாங்க கெளம்பிட்டோம்."

*

சின்னவன் முன்னறைக்குத் திரும்பினான். சொல்லிவிடலாம் என்றுதான் வந்தான். ஆனால் அம்மா நாற்காலியை நகர்த்தி அவனுக்கு இடம் விட்டு, காதுக்குப் பின்னால் முடியை ஒதுக்கிக்கொண்டு தயாராக உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் விளையாட்டைத் திறந்தான். வட்டத்தைப் போட்டான். தரை பிளந்து பூதம் எழுந்தது.

"யார் என்னை அழைத்தது?" என்றது கிணற்றுக் குரல்.

அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டாள். "இது யாரு?"

"நல்ல கம்பீரமா இருக்கே," என்றார் மாமா. அம்மாவின் தம்பி அவர். எங்கே எதைப் பாராட்டக் கூடாதோ அங்கே பாராட்டிவிடுவது சிறு வயதிலிருந்தே வழக்கம்.

"மாமா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க," என்றாள் அக்கா.

"நடிகர்மா," என்றான் சின்னவன். "அப்பா பேசினத மாத்திட்டோம். அது இல்ல இப்ப. நான்தான் அழிச்சேன்."

குளிர் இயந்திரம் முனகியது. அம்மா திட்டுவாள் என்று எதிர்பார்த்தான். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவள் கண்ணாடியில் படிந்திருந்த ஈரத்தை உள்ளங்கையால் துடைத்தாள். அப்பாவின் நெற்றி தெளிவாகத் தெரிந்தது.

"அவர்கிட்ட சொன்னியா?"

"இல்ல."

"போகட்டும். தெரியாமலே போயிட்டாரு."

எதிர்சீட்டு தொண்டையைச் செருமினார். காலையிலிருந்து பேசிய ஒரே வாக்கியத்தை விட்டு வெளியே வர அவருக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

"அவருக்குத் தெரியும்மா," என்றார்.

சின்னவன் நிமிர்ந்து பார்த்தான்.

"அவர் போன்லயும் இது இருக்குதே தம்பி, நீங்கதான் போட்டுக் குடுத்தீங்களாமே. ஒரு நாள் சாப்பாட்டு நேரத்துல எனக்குக் காட்டணும்னு தொறந்தாரு. இந்தக் குரல்தான் வந்துச்சு. அதுவா மாறிக்கும் போல. கொஞ்ச நேரம் அப்படியே கேட்டுட்டிருந்தாரு."

"என்ன சொன்னாரு?"

"நம்மள விட நல்லாப் படிக்கிறான், ஆனா ஒரு எடத்துலயும் புள்ளி வைக்க மாட்டேங்கிறான்னாரு."

மாமா சிரித்துவிட்டார். அக்காவைப் பார்த்துவிட்டு இருமலாக மாற்றிக்கொண்டார்.

"ஆனா தம்பி, அவரு குரல் அதுல இருக்கு," என்றார் எதிர்சீட்டு. "முழுசா போகல. பூதத்தக் கூப்பிட்டுட்டு ரெண்டு நிமிஷம் தொடாம விடணும். ஒரு வேலையும் சொல்லக்கூடாது. அது சும்மா நின்னா, இவரு வருவாரு."

சின்னவனுக்குச் சட்டென்று விளங்கியது. இரண்டாவது தாள். முதல் தாளில் நாற்பத்தொரு வரி. இரண்டாவதில் ஒன்றே ஒன்று, நெடுநேரம் ஆணை கிடைக்காத பூதம் சொல்ல வேண்டியது. நடிகருக்கு அவன் முதல் தாளை மட்டும் கொடுத்திருக்கிறான். அந்த ஒரு வரியை யாரும் மாற்றவில்லை, அழிக்கவில்லை, வெட்டிச் சீர்செய்யக்கூட இல்லை. யாருக்கும் அது காதில் விழவும் இல்லை. ஏனென்றால் இரண்டு நிமிடம் பூதத்தைச் சும்மா நிறுத்திவைத்தால் எதிரி வந்து உடைத்துப் போட்டுவிடுவான். எந்த ஆட்டக்காரரும் அப்படிச் செய்ய மாட்டார்.

"எங்க அவர் போன்?" என்றான்.

அச்சகத்திலிருந்து வந்த பையில், மூக்குக்கண்ணாடிக்கும் திறக்காத சாப்பாட்டு டப்பாவுக்கும் நடுவில் இருந்தது. அக்கா டப்பாவை மட்டும் தனியே எடுத்து, எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். பூட்டு எண் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. விளையாட்டைத் திறந்ததும் ஆடியவரின் கணக்கு வந்தது. *கல்பூதம்: அழைத்தது 311 முறை. தாக்கியது 0. நகர்ந்தது 0.* அதன் கீழே, விளையாட்டு தானாகச் சூட்டிய பட்டம்: *அசையாத கோட்டை.*

அந்தப் பட்டத்தை யாரும் வாங்கவே முடியாது என்று தாடி பந்தயம் கட்டியிருந்தான்.

*

"மொதல்ல பூதத்த மேட்டு மேல எழுப்புங்க," என்றார் எதிர்சீட்டு. நாற்காலியை இழுத்துக்கொண்டு சின்னவன் தோளருகே வந்துவிட்டார். "அதுக்கப்புறம் அதத் தொடாதீங்க. நரிய மூணு பக்கமும் ரெண்டு ரெண்டா நிறுத்துங்க. குதிரை பின்னாடி."

"உங்களுக்கு எப்படி இவ்வளவு தெரியும்?"

"தெனமும் தண்ணி பாட்டில்ல சாய்ச்சு வச்சிட்டுத்தான் சாப்பிடுவாரு. எதிர்ல உக்காந்துட்டு நான் வேற எதப் பாக்கறது?"

சின்னவன் வட்டங்களைப் போட்டான். அப்பா சேர்த்துவைத்திருந்த மந்திர பலம் தாராளமாக இருந்தது. மேட்டில் பூதம் கைகளைத் தொங்கவிட்டு நின்றது. நரிகள் கிளம்பின. சத்தம் சரியாகக் கேட்க வேண்டுமென்று மாமா போய் மின்விசிறியை அணைத்தார். குளிர் இயந்திரத்தை மட்டும் யாராலும் அணைக்கச் சொல்ல முடியவில்லை.

நாற்பதாவது நொடியில் போன் அடித்தது. சின்னவன் எடுத்தான்.

"சார் இருக்காரா?" என்றது ஓர் உற்சாகமான பெண் குரல். "ஒரு காப்பீட்டுத் திட்டம் விஷயமா பேசணும்."

"இல்லீங்க."

"எப்ப வருவாரு?"

சின்னவன் பெட்டியைப் பார்த்தான். "சொல்றேங்க," என்று வைத்தான். அதற்குள் திரையில் பூதம் இரண்டாக உடைந்து கிடந்தது. அக்கா போனைப் பிடுங்கி, அழைப்பு எதுவும் வராதபடி செய்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

இரண்டாம் முறை ஒன்றரை நிமிடம் தாண்டியது. அம்மா மெதுவாகக் குனிந்து, விரல் நுனியால் பூதத்தின் கன்னத்தைத் துடைத்தாள்.

"ஆணையிடுங்கள், அரசே!" என்று முழங்கியது கிணறு.

"அம்மா!"

"தூசின்னு நெனச்சேன்டா." அவள் கையை இழுத்துக்கொண்டாள். "அது நிழலா?"

"நிழல்."

"முகத்துலயா நிழல் வைப்பீங்க?"

மூன்றாவது முறை தொடங்கும்போது வாசலில் வண்டி வந்து நின்றது. மணி இரண்டே முக்கால். ஓட்டுநர் ஒரு தாளோடு உள்ளே வந்தார். "கையெழுத்து ஒண்ணு வேணும். யாரு மகன்?"

"ஒரு நிமிஷம்," என்றார்கள் மூன்று பேர் ஒரே நேரத்தில்.

ஓட்டுநர் கடுப்போடு எட்டிப் பார்த்தார். சாவு வீட்டில், பெட்டிக்குப் பக்கத்தில், ஐந்து தலைகள் ஒரு போனின் மேல் கவிந்திருந்தன. தாளோடு அப்படியே நின்றார்.

எதிரிகள் முதலில் வடக்கிலிருந்து வந்தார்கள். இரண்டு நரிகள் பாய்ந்து பற்றி எரிந்து அணைந்தன. சின்னவன் புது வட்டம் போட்டான். விரல் வழுக்கியது, உள்ளங்கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"எடது பக்கம்டா, எடது பக்கம்!" என்றார் மாமா.

"மெதுவா. சத்தம் போடாதீங்க," என்றாள் அக்கா.

"பாலம் வழியா வர்றான் பாரு!"

"குதிரைய விடுங்க தம்பி. பாலத்துல தண்ணிய ஏத்துவாரு அவரு. பூதம் நனையாது, மேட்டுல இருக்கு."

சின்னவன் குதிரைகளைப் பாலத்துக்கு அனுப்பினான். வெள்ளம் புரண்டது. ஒரு நிமிடம் பத்து. அம்மா தன் வலது கையை இடது கையால் பிடித்து மடியில் வைத்திருந்தாள். பலம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு நிமிடம் முப்பது. கடைசி இரண்டு நரிகளை அவன் பூதத்தின் காலடிக்கே இழுத்துக்கொண்டான். இவனே செய்த விளையாட்டு. இவ்வளவு நாளில் இதில் ஜெயிக்க வேண்டும் என்று அவன் ஒரு நாளும் நினைத்ததில்லை.

"அந்தப் பெரிய கல்ல எதுக்கு சும்மா நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று கேட்டார் ஓட்டுநர். "அத விட்டா எல்லாரையும் நசுக்கிடுமே."

"அது நிக்கணும்," என்றாள் அம்மா, திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

ஒரு நரி அணைந்தது. ஒரு நிமிடம் ஐம்பது. ஒரு நிமிடம் ஐம்பத்தைந்து. எதிரியின் ஈட்டிக்காரர்கள் மேட்டில் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

பூதம் தலையை லேசாகத் திருப்பியது. கம்பளி உரசும் சத்தம் கேட்டது.

"இங்கேதான் இருக்கிறேன் கமா மெதுவாகச் சொல்லுங்கள் புள்ளி."

"சரி," என்றார் எதிர்சீட்டு, தன்னையறியாமல்.

அதோடு முடிந்துவிடும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எதிர்சீட்டு மட்டும் கையை உயர்த்தி, இருங்கள் என்று காட்டினார். போனுக்குள் தாள் ஒன்று மேஜையில் வைக்கப்பட்டது. கம்பளி விலகியது. பிறகு அதே குரல், படிக்காத குரல், கொஞ்சம் தூரத்திலிருந்து, வேறு பக்கம் திரும்பி:

"அவ்வளவுதான்மா. ஃபேனப் போடு, வேர்க்குது."

திரையில் ஈட்டிகள் பாய்ந்தன. கல் உடைந்து சரிந்தது. சின்னவன் இன்னொரு வட்டம் போடவில்லை. போன் அவன் கையில் அப்படியே இருந்தது.

அம்மா எழுந்தாள். நேற்று மாலையிலிருந்து அந்த நாற்காலியை விட்டு அவள் எழுந்தது அதுதான் முதல் தடவை; முழங்கால் பிடித்துக்கொண்டது. அக்கா தாங்கப் போனாள். அம்மா வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, பெட்டியைச் சுற்றி, ஓட்டுநரைத் தாண்டி, சுவரோரம் ஒதுக்கிய மேஜைக்கும் கதவுக்கும் இடையில் புகுந்து போய் சுவிட்சைப் போட்டாள். மின்விசிறி முனகிக்கொண்டு சுற்ற ஆரம்பித்தது. ஓட்டுநர் பறக்கப்போன தாளை நெஞ்சோடு அழுத்திக்கொண்டார்.

ரெகுலேட்டர் ஐந்தில் இருந்தது. அம்மா அதை, அவருக்கு எப்போதும் வைப்பது போல, மூன்றுக்குக் குறைத்தாள்.